ஜெனிட்டாவ வெளிய எடுங்க டீச்சர்

கழுத்தில் புது விசில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இளம் பயிற்சியாளர்கள் உங்களைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது. நான் உடற்கல்வி ஆசிரியையாகச் சேர்ந்த காலத்தில் பெண்பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லித் தருகிறேன் என்றால், எறிபந்து போதாதா டீச்சர் என்று தலைமையாசிரியரே கேட்பார். இன்றைக்குக் குளச்சலிலிருந்து தேங்காப்பட்டணம் வரை எந்தக் கடற்கரை மணலிலும் சாயங்காலம் பெண்பிள்ளைகள் பந்து அடிக்கிறார்கள். அவர்களில் சிலர் உங்கள் கைக்கு வருவார்கள். அதிர்ஷ்டசாலிகள் நீங்கள்.

பயிற்சி முறைகளைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அதெல்லாம் என்னைவிட நீங்கள் நன்றாகப் படித்திருக்கிறீர்கள். என்னிடம் புதியவர்கள் அதிகம் கேட்பது ஒரே கேள்விதான்: டீச்சர், யாரைக் கேப்டனாகப் போடுவது? எந்தப் பிள்ளைக்கு மனத்திடம் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதற்கு என்னிடம் சூத்திரம் எதுவும் இல்லை. ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்னால் என் பொறுப்பில் இருந்த மாவட்டப் பெண்கள் அணியைப் பற்றிச் சொல்கிறேன். எல்லோரும் பதினேழு வயதுக்கு உட்பட்டவர்கள். மிச்சத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

அணியில் பாதிக்கு மேல் கடற்கரைப் பிள்ளைகள். அவர்களுடைய ராணி ஜெனிட்டா. குளச்சல்காரி. அப்பா விசைப்படகில் போய் நாள் கணக்கில் கடலில் தங்கி மீன் பிடிப்பவர். அம்மா துறைமுகத்தில் ஏலம் எடுத்து மீன் விற்பவர். ஜெனிட்டா பந்தைத் தொட்டால் எதிரணியின் தடுப்பாட்டக்காரிகள் பின்வாங்குவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒருமுறை கால்விரல் நகம் பிய்ந்து தொங்கியது. அதைப் பல்லைக் கடித்துப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஷூவை மாட்டிக்கொண்டு ஆட வந்தாள். திடம் என்றால் இதுதான் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மயிலாடியிலிருந்து வந்தவள் அபிஷா. அப்பா அங்கே சிற்பக்கூடத்தில் வேலை செய்கிறார். உயரமான பிள்ளை, பேச்சு குறைவு. பின்வரிசையில் நடுவில் நின்று தடுத்து ஆடுவாள். கடற்கரைப் பிள்ளைகள் கூட்டமாகச் சாப்பிடும்போது இவள் தனியாக ஓர் ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிடுவாள். அதைப் பற்றி வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை.

நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் பயிற்சி முகாம். வகுப்பறைகளில் பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டுப் பாய் விரித்துப் படுப்பார்கள். இரண்டாம் நாள் பயிற்சி ஆட்டத்தில் ஜெனிட்டாவை வலது ஓரத்தில் ஆடச் சொன்னேன். அவளுடைய வேகத்துக்கு அதுதான் சரியான இடம் என்பது என் கணக்கு. அன்று மாலை நான் சாயா குடித்துக்கொண்டிருந்தபோது அபிஷா தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"தப்பா நெனைக்காதீங்க டீச்சர். ஜெனிட்டாவ ஓரத்துல போடாதீங்க. நடுவுல நின்னாத்தான் அவளுக்கு கோல் தெரியும். ஓரத்துல சும்மா கோவத்துல ஓடுகா."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடம் பயிற்சி கொடுத்தவளிடம் வந்து இந்தப் பிள்ளை சொல்கிறதே என்று. ஆனால் மறுநாள் ஜெனிட்டாவை நடுவில் நிறுத்திப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் விஷயம் விளங்கிவிட்டது. அதைவிட இன்னொன்று எனக்கு முக்கியமாகப் பட்டது. தன்னோடு ஒரு வார்த்தைகூடப் பேசாத ஒருத்திக்காக அபிஷா வந்து பேசியிருக்கிறாள். எனக்குப் பிடிக்காது என்று தெரிந்தும், வேறு யார் காதிலும் விழாமல், என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். கேப்டனுக்குரிய கைப்பட்டையை அவளிடம் கொடுத்தேன்.

கடற்கரைப் பிள்ளைகளுக்கு அது பிடிக்கவில்லை. ஜெனிட்டாவுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, கார்னர் பந்துக்கு யார் எங்கே நிற்பது என்பதில் இருவருக்கும் முட்டிக்கொண்டது. ஜெனிட்டா எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னாள்.

"கல்லு கொத்துத ஊர்ல இருந்து வந்து கடப்புறத்துக்காரிக்கு பந்து சொல்லித் தருதியாட்டி?"

அபிஷா குரலை உயர்த்தவில்லை. பந்தை நீ அடி, யார் எங்கே நிற்க வேண்டும் என்று நான் சொல்கிறேன் என்றாள். அவ்வளவுதான். ஜெனிட்டா முறைத்துக்கொண்டே அவள் காட்டிய இடத்தில் போய் நின்றாள். ஆனால் அந்தச் சண்டை முகாம் முழுக்கப் பரவிவிட்டது. பெற்றோர் வரை போனது. கேப்டனுக்கும் ஜெனிட்டாவுக்கும் ஆகாது என்பது ஊரறிந்த செய்தியாகிவிட்டது. இதை மறந்துவிடாமல் மேலே கேளுங்கள்.

மண்டல இறுதிப் போட்டி நாகர்கோவிலிலேயே நடந்தது. ஜெயிக்கும் அணி மாநிலப் போட்டிக்குப் போகும். மாநிலப் போட்டியில் ஆடிய சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடம் கிடைக்கும். உங்களுக்கு அது தெரியும். எங்கள் பிள்ளைகளுக்கும் தெரியும். அவர்களுடைய வீட்டாருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். குளச்சலிலிருந்து வேன் பிடித்து ஆட்கள் வந்திருந்தார்கள். ஆடிக்காற்று மைதானத்துப் புழுதியை அள்ளிக்கொண்டிருந்தது.

முதல் பாதியில் ஒரு கோல் வாங்கிவிட்டோம். இரண்டாம் பாதியில் ஜெனிட்டா ஒரு கோல் போட்டாள். இரண்டு பேரைத் தாண்டி, மூன்றாமவள் காலை நீட்டுவதற்குள் இடதுகாலால் வெட்டி அடித்தாள். நான் பார்த்த பெண்பிள்ளைகள் ஆட்டத்தில் அதைப் போல இன்னொரு கோல் கிடையாது. வேனில் வந்த கூட்டம் மைதானத்துக்குள்ளேயே வந்துவிட்டது. அவர்களை வெளியேற்றி ஆட்டத்தைத் தொடங்கப் பெரும்பாடு ஆகிவிட்டது.

அதற்குச் சற்று நேரம் கழித்து எங்களுக்கு ஒரு கார்னர். ஜெனிட்டா எம்பினாள். எதிரணிப் பெண்ணும் எம்பினாள். இரண்டு தலையும் மோதிய சத்தம் கோட்டுக்கு வெளியே நின்ற எனக்குக் கேட்டது. எதிரணிப் பெண் உட்கார்ந்துவிட்டாள். ஜெனிட்டா விழுந்து கிடந்தாள். நான் பாதி தூரம் ஓடுவதற்குள் எழுந்து உட்கார்ந்தாள். முதலுதவிக்கு வந்திருந்த நர்ஸ் பெயர் கேட்டார், ஊர் கேட்டார், யார் எத்தனை கோல் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாள். எனக்கு ஒன்றுமில்லை என்று எங்கள் கைகளைத் தட்டிவிட்டு எழுந்து ஓடினாள். கூட்டம் கைதட்டியது. நான் வெளியே வந்தேன்.

ஆட்டம் தொடர்ந்தது. ஜெனிட்டா ஓடினாள், பந்து வாங்கினாள், கொடுத்தாள். வெளியிலிருந்து பார்க்க எந்த வித்தியாசமும் இல்லை. கொஞ்ச நேரத்தில் பந்து கோட்டைத் தாண்டி வெளியே போனது. அப்போது அபிஷா பின்வரிசையிலிருந்து நேராக என்னை நோக்கி ஓடி வந்தாள்.

"ஜெனிட்டாவ வெளிய எடுங்க டீச்சர்."

ஏன் என்றேன்.

"நாம எந்தப் பக்கம் அடிக்கோம்னு எங்கிட்ட கேட்டா. சொன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு அதயே திரும்பக் கேக்கா. மொதல்ல கேட்டது அவளுக்கு நெனப்பில்ல."

அவள் சொல்லி முடிப்பதற்குள் ஜெனிட்டா வந்துவிட்டாள். முகம் கொதித்துக்கொண்டிருந்தது. பொய் சொல்லுகா டீச்சர், இவளுக்கு என்னக் கண்டா ஆகாது, நான் ஜெயிச்சுக் குடுத்துருவேன்னு இவளுக்குப் பொறுக்கல என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. நடுவர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். கூட்டத்திலிருந்து என்ன ஏது என்று சத்தம் எழுந்தது.

சந்தேகம் வந்தால் வெளியே எடு என்று இப்போது உங்கள் வகுப்புகளில் சொல்லித் தருகிறார்கள். சரியான விதி. ஆனால் அந்த விதி வரும்போது தனியாக வராது. எதிரே ஒரு பிள்ளை அழுதுகொண்டு நிற்கும். கேட்ட கேள்விக்கெல்லாம் அவள் சரியாகப் பதில் சொல்லியிருப்பாள். அவளுக்கு எதிராகப் பேசுகிறவள் அவளோடு சண்டை போட்டவளாக இருப்பாள். பின்னால் கூட்டம் கத்தும். யோசிக்க ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது.

நான் ஒன்றைத்தான் யோசித்தேன். ஜெனிட்டா வெளியே வந்தால் இவளுக்கு என்ன லாபம்? மாநிலச் சான்றிதழ் அபிஷாவுக்கும் வேண்டும். ஜெனிட்டா இல்லாமல் நாங்கள் ஜெயிப்பது கஷ்டம் என்பது என்னைவிட அவளுக்குத் தெரியும். இதைச் சொன்னால் தன்னைப் பொறாமைக்காரி என்று பேசுவார்கள் என்பதும் தெரியும். தெரிந்துதான் ஓடி வந்திருக்கிறாள். தனக்கு இவ்வளவு நஷ்டம் வருகிற பொய்யை யாரும் சொல்லமாட்டார்கள்.

மாற்று ஆட்டக்காரியைக் கூப்பிட்டேன். ஜெனிட்டா ஷின் கார்டைப் பிடுங்கி என் காலடியில் எறிந்துவிட்டு, தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். அவளை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். கூட்டம் என்னைச் சொன்ன வார்த்தைகளை இங்கே சொல்ல முடியாது. அபிஷாவைச் சொன்னவை அதைவிட மோசம்.

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை ஆடிய ஆட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கடற்கரைப் பிள்ளைகள் அவளுடைய முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. இவள் ஒவ்வொருத்தியையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இடத்தைக் காட்டி, அவர்கள் விட்ட பந்தைத் தான் போய் எடுத்து, மறுபடியும் அவர்களுக்கே கொடுத்தாள். முறைத்தவளுக்கும் கொடுத்தாள். குரலில் கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. மெதுமெதுவாக மற்றவர்களும் அவள் குரலுக்கு அசையத் தொடங்கினார்கள். முழு நேரம் முடியும்வரை எதிரணியால் இன்னொரு கோல் போட முடியவில்லை. கூடுதல் நேரத்தில்தான் போட்டார்கள். தோற்றோம்.

நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை என்பது ஒன்று. ஸ்கேனில் தெரியாத அதிர்ச்சியும் மூளைக்கு உண்டு, சில வாரங்கள் ஓடவோ பந்தைத் தொடவோ கூடாது, இந்த நிலையில் இன்னொரு அடி பட்டிருந்தால் ஆபத்து என்பது இரண்டாவது. ஊர் முதல் விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. ஒன்றுமே இல்லாத பிள்ளையை வெளியே எடுத்து ஆட்டத்தைத் தோற்கடித்துவிட்டார்கள் என்றது.

ஜெனிட்டாவின் அம்மா வெளி வராந்தாவில் எங்களைப் பார்த்தார். என்னை விட்டுவிட்டு அபிஷாவிடம்தான் வந்தார்.

"எனக்க மவளுக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லியாச்சு. இப்ப ஒனக்குச் சந்தோசமாட்டி?"

அபிஷாவின் உடுப்பில் இன்னும் புழுதி இருந்தது. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னாள்.

"சந்தோசந்தான் ஆன்ட்டி. ஒண்ணும் இருக்கப்பிடாதுன்னுதான் இவ்வளவு நேரமும் வேண்டிட்டு நின்னேன்."

அந்த அம்மா திரும்பி உள்ளே போய்விட்டார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். பதினைந்து வயதுப் பிள்ளை. தான் செய்தது சரி என்று நிரூபணமாக வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. தான் சொன்னது தவறாகிப்போகட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்திருக்கிறாள். என் வேலையில் அன்றைக்குத்தான் திடம் என்ற சொல்லுக்கு எனக்கு அர்த்தம் விளங்கியது.

அடுத்த வாரங்கள் கடினமானவை. வாட்ஸ்அப் குழுக்களில் கண்டபடி எழுதினார்கள். நான் பதில் எழுதுகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள் அபிஷா. நீங்கள் எழுதினால் நீங்கள் சொல்லித் தந்துதான் நான் செய்தேன் என்று ஆகிவிடும் என்றாள். மாவட்ட அணியின் வாரப் பயிற்சிக்கு மயிலாடியிலிருந்து இரண்டு பஸ் மாறித் தவறாமல் வந்தாள். கடற்கரைப் பிள்ளைகளும் வந்தார்கள். பேசமாட்டார்கள். ஆனால் மைதானத்தில் அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடுவார்கள். அதையே அவள் பெரிதாக எடுத்துக்கொண்டாள். ஜெனிட்டா ஆட முடியாமல் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அவளாவது ஏதாவது பேசினால் தேவலை என்று எனக்கு இருக்கும். வாயே திறக்கமாட்டாள்.

ஒரு நாள் பயிற்சி முடிந்ததும் ஜெனிட்டா என்னிடம் வந்தாள். யாரோ போனில் எடுத்த வீடியோ ஒன்றைக் காட்டினாள். அவள் போட்ட அந்தக் கோல்தான். பிரமாதமாக இருக்கிறது இல்லையா என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இந்த கோலு எனக்கு நெனப்பே இல்ல டீச்சர். அன்னைக்கும் இல்ல, இப்பவும் இல்ல. வீடியோல பாத்துத்தான் தெரியும்."

நர்ஸ் கேட்டபோது சரியாகச் சொன்னாயே என்றேன். எதிரே ஸ்கோர் போர்டு இருந்தது, அதைப் பார்த்துச் சொன்னேன் என்றாள். வெளியே எடுத்துவிடுவார்கள் என்ற பயம். பிறகு, ஊரே அபிஷாவைத் திட்டும்போது உண்மையைச் சொன்னால் தன்னைத் திட்டுவார்கள் என்ற பயம். வாழ்க்கையில் தான் போட்ட மிகச் சிறந்த கோலை இன்னொருவர் போனில் பார்க்க வேண்டியிருக்கிறதே என்று அழுதாள். நான் அவளை எதுவும் செய்யச் சொல்லவில்லை. அபிஷாவிடம் மன்னிப்புக் கேள் என்றுகூடச் சொல்லவில்லை. இதைக் கவனியுங்கள். பிள்ளை உண்மைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்போது பின்னாலிருந்து தள்ளாதீர்கள். கடைசி அடியை அதுவே எடுத்து வைக்கட்டும்.

அன்று மாலை அந்த வாட்ஸ்அப் குழுக்களில் ஒன்றில் ஒரு குரல் செய்தி வந்தது. நான் ஜெனிட்டா பேசுகேன் என்று தொடங்கியது. தனக்கு அந்தக் கோல் நினைவில்லை என்றும், எந்தப் பக்கம் அடிக்க வேண்டும் என்று கேட்டது உண்மை என்றும், அபிஷா சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்றும் சொன்னாள். இனி அவளை யாராவது ஏதாவது சொன்னால் என்னைச் சொன்னது போல என்று முடித்தாள். குரல் ஓரிடத்திலும் உடையவில்லை. நகத்தைப் பிடுங்கி எறிந்தபோது எல்லோரும் அவளைத் திடமானவள் என்றார்கள். எனக்கு இந்தக் குரல்தான் திடம்.

அடுத்த பயிற்சியின்போது ஜெனிட்டா சாப்பாட்டுத் தூக்கோடு அபிஷாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெனிட்டாவின் அம்மா பெரிய நெய்மீன் ஒன்றைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறி மயிலாடிக்குப் போயிருக்கிறார். அபிஷா வீட்டார் அய்யாவழிக்காரர்கள். தங்கள் வழிபாட்டுத் தலமான பதிக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார்கள். அன்று வீட்டில் கவுச்சி சமைக்கக்கூடாது. வாசலில் மீனோடு நின்ற அந்த அம்மாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லையாம். அபிஷாவின் அம்மா மீனை வாங்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, இவரை உள்ளே உட்காரவைத்துச் சாம்பாரும் அவியலும் பரிமாறியிருக்கிறார். சாப்பிட்டு முடித்துப் புறப்படும்போது, அடுத்த வருசமும் நீதான கேப்டன் என்று அபிஷாவிடம் கேட்டிருக்கிறார். அது டீச்சர்தான் சொல்லணும் என்றிருக்கிறாள் அவள். மறுநாள் ஏலச் சத்தத்துக்கு நடுவிலிருந்து எனக்குப் போன் வந்தது. டீச்சர், கேப்டன மாத்திராதீங்க என்றார் அந்த அம்மா. மாற்றுகிற எண்ணம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. ஆனாலும், சரி, நீங்கள் சொல்வதால் மாற்றவில்லை என்றேன்.

அடுத்த ஆண்டு மண்டலத்தில் ஜெயித்து மாநிலப் போட்டிக்குப் போனோம். காலிறுதியில் பலமான அணி ஒன்றோடு ஆட்டம். அவர்களுடைய கோல்கீப்பர் ஒரு மலை. அவளைத் தாண்டி எதுவும் போகவில்லை. இரண்டாம் பாதியில் அந்தப் பெண் பந்துக்குப் பாய்ந்து கோல் கம்பத்தில் தலையை இடித்துக்கொண்டாள். எழுந்தாள், தலையை உதறினாள், சரியாகிவிட்டது என்று கையைக் காட்டினாள். ஆட்டம் தொடங்கப்போனது. ஜெனிட்டா மட்டும் கோல் பக்கத்திலிருந்து நகரவில்லை. அந்தப் பெண்ணிடம் ஏதோ கேட்டாள். பிறகு நடுவரிடம் போனாள். இந்தக் கீப்பரை வெளியே எடுங்கள், அவள் நிற்பது சரியில்லை என்றாள்.

எதிரணிப் பயிற்சியாளர் உங்கள் வயதுப் பையன். எங்களுக்குக் கோல் வேண்டும், அதனால் அவருடைய சிறந்த கீப்பரை வெளியே அனுப்பப் பார்க்கிறோம் என்றே அவர் நினைத்தார். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். அப்போது அபிஷா தன் இடத்தை விட்டு மைதானத்தின் அந்த முனைவரை நடந்து போய் ஜெனிட்டாவின் பக்கத்தில் நின்றாள். அந்தப் பையன் அவர்களைப் பார்த்தார். மைதானத்தின் இந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் தன் கீப்பரை வெளியே அழைத்தார்.

மாற்றாக வந்த கீப்பர் ஒல்லியான சின்னப் பெண். ஜெனிட்டா அடித்த இரண்டு நல்ல பந்துகளை அவள் பாய்ந்து தடுத்தாள். நாங்கள் தோற்றோம்.

ஆட்டம் முடிந்ததும் அந்தப் பையன் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கீப்பர் வாந்தி எடுத்ததாகவும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பதாகவும் சொன்னார். எங்கள் பிள்ளைகள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். வெயிலுக்குக் கழற்றிய கைப்பட்டை தரையில் கிடந்தது. இதில் உங்கள் கேப்டன் யார் டீச்சர் என்று அவர் கேட்டார். நான் அந்தக் கூட்டத்தை ஒருமுறை பார்த்தேன். ஒருத்தியை மட்டும் சுட்டிக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. அப்போது நான் நின்ற நிமிர்வு, என் வேலையில் எந்தக் கோப்பையைக் கையில் ஏந்தியபோதும் எனக்கு வந்ததில்லை.